வடிவின் பேரில் ஏறிய சம்பளம்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வரும் ஒரு கல்யாண வீட்டார் குறைந்தது அறுபது சேலைகளைப் பிரிக்க வைப்பார்கள். நான்கை எடுப்பார்கள். மீதி ஐம்பத்தாறையும் மடித்து, எந்த அடுக்கிலிருந்து வந்ததோ அந்த அடுக்கிலேயே திரும்பச் சேர்ப்பது யார் என்று எவரும் கேட்பதில்லை. உதயகுமாரின் கடையில் பதினாறு வருடமாக அந்த வேலையைச் செய்து வருபவள் வடிவு.

அந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டுச்சேலையை எப்போதும் ஒரே மடிப்பில் வைத்தால் அந்தக் கோட்டிலேயே சரிகை முறிந்துவிடும். அதனால் விற்காமல் கிடக்கும் சேலைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பின் மேல் விழாதபடி வேறு மாதிரி மடிக்க வேண்டும். எந்தச் சேலை போன தடவை எப்படி மடிக்கப்பட்டது என்பதை வடிவு எங்கும் எழுதி வைத்ததில்லை. சேலையைத் தொட்டால் கைக்குத் தெரிந்துவிடும். தொட்டாலும் தெரியாத ஒரு பொருள் அவள் வாழ்க்கையில் வந்தது நாற்பத்து நான்காவது வயதில்தான். அது காகிதம்.

வடிவு பிறந்தது கூரத்தில். எட்டாவது வரை படித்தாள். வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ராஜவேலுவைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு வந்தாள். ராஜவேலு நல்ல மனுஷன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். ஆனால் கையில் மொத்தமாகப் பணம் வந்தால் தொழில் தொடங்கிவிடுவான். ஒருமுறை நாற்பது வாத்து வாங்கினான். பாலாற்றங்கரையில் மேய விட்டதில் முப்பத்தேழு திரும்பி வரவில்லை. இன்னொரு முறை குச்சி ஐஸ் விற்க ஒரு பழைய ஐஸ் பெட்டி; அதுவும் ஓடவில்லை. அதற்குப் பிறகு வடிவு தன் பணம் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்திக்கொண்டாள்.

கடையில் அதற்கு ஒரு வழக்கம் ஏற்கெனவே இருந்தது. "மொதலாளிகிட்ட போட்டு வைக்கிறது" என்பார்கள். சேலை மடிக்கும் நான்கு பெண்களும் சம்பள நாளன்று ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளாமல் உதயகுமாரிடமே விட்டுவிடுவார்கள். தீபாவளி போனஸும் அப்படித்தான். அவர் ஒரு நீள நோட்டில் பெயரெழுதி, தொகையெழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். காது குத்து, ஆஸ்பத்திரி என்று கேட்டால் அன்றைக்கே எடுத்துக் கொடுப்பார். பதினாறு வருடத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது என்பதுதான் அதன் பெருமை.

மகள் சுகாசினி சென்னையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தாள். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்.

"அம்மா, ஜெர்மனில ஒரு செமஸ்டர். எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டே பேர்தான் செலக்ட் ஆயிருக்கோம்."

"எத்தினி நாளு?"

"ஆறு மாசம்."

"சோறு?"

"நாமளே ஆக்கிக்கணும்மா."

"நீயா? வெந்நி வெக்கச் சொன்னாலே கருக்கிப்புடுவியே."

படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் விமானம், தங்குமிடம், காப்பீடு, சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. வசதியில்லாத மாணவர்கள் இப்படி வெளிநாடு போய்ப் படிக்க உதவும் அறக்கட்டளை ஒன்று சென்னையில் இருந்தது. செலவில் பெரும்பகுதியை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அங்கே சுகாசினியின் மனுவைப் பார்த்துக்கொண்டவர் ஜெயப்ரியா. வடிவு அவரோடு போனில் முதல்முறை பேசியபோதே குழப்பம் தொடங்கிவிட்டது.

"அம்மா, ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, உங்க குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூணு லட்சத்துக்குள்ள இருக்கணும்."

"இருக்குது மேடம். அவ்ளோ எங்க வருது."

"ரெண்டாவது, நாங்க குடுக்கறது போக மீதிச் செலவுக்கு உங்க பேங்க்ல ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருக்குன்னு காட்டணும். விசாவுக்கு."

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இல்லாதவங்களுக்குத்தானே நீங்க குடுக்கறீங்கோ?"

"ஆமாம்மா."

"அப்ப இருக்குதுன்னு ஏன் காட்டணும்?"

"இல்லைன்னு எங்களுக்குக் காட்டணும். இருக்குன்னு தூதரகத்துக்குக் காட்டணும்."

வடிவு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவையும் அதேதான் வந்தது.

"இன்னொண்ணும்மா, பணத்த மொத்தமா ரொக்கமா கட்டிடாதீங்க. எங்கேர்ந்து வந்ததுன்னு கேப்பாங்க. பேங்க் வழியா வரட்டும்."

முதலாளியின் நோட்டில் வடிவின் பெயரில் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் இருந்தது. போதும். அவள் நேராகப் போய்க் கேட்டாள். உதயகுமார் மறு பேச்சுப் பேசவில்லை. கணக்கு எழுதும் ஜெயக்குமாரைக் கூப்பிட்டு, "வடிவு பணத்த அது பேருக்குப் பேங்க்ல போட்டு விட்டுரு" என்றார்.

ஜெயக்குமார் கம்ப்யூட்டரில் வடிவின் பெயரைத் தட்டினார். யாருக்குப் பணம் போனாலும் எதற்காக என்று அந்தக் கம்ப்யூட்டர் கேட்கும். அவர் பட்டியலைப் படித்துக் காட்டினார்.

"நெசவுக் கூலி, சரிகை வாங்கினது, கரண்ட் பில்லு, கடை வாடகை, சம்பளம். நீ நெய்யல. நீ கரண்டும் இல்ல. இன்னா போடட்டும்?"

"எது சரியோ அதப் போடுண்ணா."

"சம்பளம்தான் உனக்கு ஒட்டும்" என்று சொல்லி அதையே அழுத்தினார்.

அப்போது அங்கே இருந்த மூன்று பேருக்கும் அது தவறாகவே தோன்றவில்லை. பணம் கடையிலிருந்துதான் வருகிறது. வடிவு கடையில்தான் வேலை செய்கிறாள். சம்பளத்திலிருந்து பிடித்த பணம்தான் அது. சம்பளம் என்று போடாமல் வேறு என்ன போடுவது?

அடுத்த மாதம் அறக்கட்டளை சம்பளச் சான்று கேட்டது. ஜெயக்குமார் கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே அச்செடுத்து, கடை முத்திரை குத்தி, அவரே மின்னஞ்சலில் அனுப்பியும் வைத்தார். தான் செய்த உதவியைப் பற்றி அவருக்கு மிகுந்த திருப்தி. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. சுகாசினி விடுதியிலிருந்து போன் செய்து, அழாமல், ஆனால் அழுகைக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து அதைப் படித்தாள். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்தைத் தாண்டுவதால் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. பத்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

"நாலரை லட்சமா? நான் எப்ப சம்பாதிச்சேன்?" என்றாள் வடிவு.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜவேலு கையைக் கழுவிவிட்டு வந்தான். "இன்னா நாலரை லட்சம்?"

நோட்டுப் பணமும் சம்பளமாக ஏறிவிட்டது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது; வேறு வழியில்லாமல் பதினாறு வருட நோட்டைப் பற்றி அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் கத்தவில்லை.

"வாத்த மனசுல வெச்சுக்கினா?"

"ஐஸ் பெட்டியும்தான்" என்றாள் வடிவு.

"சரி, வுடு. புள்ள போவணும். அதப் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான். அந்த வாரம் முழுக்க அவன் அவளிடம் அளவாகத்தான் பேசினான். அது கோபமா, வெட்கமா என்று வடிவுக்குப் பிடிபடவில்லை. அதை யோசிக்கவும் நேரமில்லை. பத்து நாள் கெடு ஓடத் தொடங்கியிருந்தது.

மறுநாள் கடையில் செய்யாறிலிருந்து வந்த ஒரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அத்தை ஒவ்வொரு சேலையையும் பிரிக்கச் சொல்லி, "அரக்குல இன்னும் கொஞ்சம் அரக்கா காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் மாடிக்குப் போன இடைவெளியில் வடிவு கல்லாவுக்குப் போனாள். விஷயம் முழுவதையும் சொன்னாள். அது சம்பளம் இல்லை, தன் சேமிப்பு என்று ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டாள்.

உதயகுமாரின் முகம் மாறியது. "எழுதிக் குடுக்கறதா? கடைப் பேரு போட்டா?"

"ஆமா மொதலாளி."

"வடிவு, இத்தினி வருஷமா நம்பிக்கைல நடக்கறது வேற. காயிதத்துல எழுதிட்டா அது வேற. ஆடிட்டர் பாத்தா இன்னா கேப்பார் தெரியுமா? உதயகுமார், நீ பொடவக் கடை நடத்தறியா, பேங்க் நடத்தறியான்னு கேப்பார்."

"நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலியே."

"பண்ணல. ஆனா பண்ணலன்னு யாருகிட்ட போய் நிரூபிக்கறது?" அவரும் குழம்பித்தான் போயிருந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, போடாமல் திரும்ப வைத்தார். பிறகு ஜெயக்குமாரோடு ஏதோ பேசினார். சாயங்காலம் ஒரு வழியோடு கூப்பிட்டார்.

"கடன்னு போட்டுருவோம். மகள் படிப்புக்காகக் கடை உனக்குக் கடன் குடுத்துச்சு. கடன் வருமானத்துல வராது. அவங்களுக்கும் சரி, எனக்கும் சரி. வெறும் பேப்பருதான், நான் கேக்கப் போறனா உன்ன?"

ஜெயக்குமார் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். கூரம் கன்னியப்பன் மகள் வடிவு ஆகிய நான் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் ரூபாயைக் கடனாகப் பெற்றுக்கொண்டு, என்று அது தொடங்கியது. வடிவு அதை நான்காக மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"போட்டுரும்மா. சிம்பிளா முடிஞ்சிரும்" என்றாள் சுகாசினி போனில். அவளுக்கு அவசரம். கூடப் படிக்கும் இன்னொரு பெண் டிக்கெட்டே எடுத்துவிட்டாள்.

வடிவு பேனாவைக் கையில் எடுத்தாள். தன் அப்பாவின் பெயரை அந்தத் தாளில் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டாள்.

அவளுடைய அப்பா கன்னியப்பன் இரண்டு மூட்டை நெல் வாங்கியதற்கு ஒரு நிலக்காரரிடம் கைநாட்டு வைத்தவர். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நெல்லைத் திருப்பிக் கொடுத்த பிறகும் மூன்று வருடம் கூலியில்லாமல் அந்த வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டார். கேட்டபோதெல்லாம் பேப்பர் இருக்கிறது என்றார்கள். அந்த ஆள் இறந்தபின் அவர் மகன்கள், எங்களுக்குத் தெரியாது, பேப்பர்தான் தெரியும் என்றார்கள். இந்தக் கதையை வடிவு சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவையும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

உதயகுமார் அப்படிப்பட்டவர் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவளை இன்னும் குழப்பியது. நல்லவர் கொடுத்த பேப்பர், கெட்டது ஒன்றும் நடக்காது, மகள் போய்விடுவாள். ஆனால் தன் பணத்துக்குத் தானே கடன்காரியாக ஒரு கையெழுத்து. அவருக்கும் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வடிவு யார் என்று தெரியாது.

காலையில் கடை திறந்ததும் பேப்பரைக் கல்லா மேல் வைத்தாள்.

"போட முடியல மொதலாளி." அப்பாவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள்.

உதயகுமாருக்குச் சுருக்கென்றது. "என்னையும் அந்த ஆளையும் ஒரே தட்டுல வெக்கிறியா வடிவு?"

"இல்ல. அதனாலதான் உங்ககிட்டயே சொல்றேன். வேற ஆளா இருந்தா சொல்லாம ஓடியிருப்பேன்."

வடிவு அவர் முன்பாகவே ஜெயப்ரியாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியை அழுத்தத் தெரியாமல் இரண்டு தடவை துண்டித்தாள். ஜெயக்குமார் வந்து அழுத்திக் கொடுத்தார். நோட்டு, சம்பளம் என்று ஏறியது, கடன் பேப்பர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஜெயப்ரியா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சார் பக்கத்துல இருக்காரா? சார், இது எங்களுக்குப் புதுசு இல்ல. போன வருஷம் ஒரு பையனோட அம்மா அரிசி மண்டிக்காரர்கிட்ட பதினோரு வருஷம் இப்படித்தான் போட்டு வெச்சிருந்தாங்க."

"அவரு எழுதிக் குடுத்தாரா?"

"குடுத்தார்."

"அவருக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார். உங்க ஆடிட்டரைக் கேட்டுட்டே எழுதுங்க. கடன்னு எழுதினாலும் எங்க ஃபைல் நகரும். ஆனா அது உண்மையா?"

சேலை மடிக்கும் மற்ற மூன்று பெண்களும் மடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"உண்மை இல்லம்மா. அது வடிவு பணம்" என்றார் உதயகுமார்.

அன்று மத்தியானமே ஆடிட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேச்சு வாங்கினார் என்பதைச் சொல்லவில்லை. கடைப் பெயர் அச்சடித்த தாளில் நடந்ததை எழுதி, நோட்டின் பதினாறு வருடப் பக்கங்களையும் நகலெடுத்து இணைத்து, ஜெயக்குமாரை விட்டுச் சம்பளக் கணக்கைத் திருத்த வைத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்த பிறகு நான்கு பெண்களையும் கூப்பிட்டார்.

"இனிமே யாரும் என்கிட்ட போட்டு வெக்க வேணாம். ஆடிட்டர் கண்டிஷனா சொல்லிட்டார். மிச்சம் இருக்கறத திங்கக்கிழமை வாங்கிக்கினு போயிருங்க."

அம்சவேணிக்குத்தான் முதலில் விஷயம் உறைத்தது. வடிவுக்கு எதிரில் உட்கார்ந்து, சேலையின் மறு முனையைப் பிடிப்பவள் அவள். பன்னிரண்டு வருடச் சிநேகம். அவள் வீட்டுக்காரர் வேணுகோபால் தறி நெய்பவர், கூலி ஒழுங்காக வரும், ஆனால் மூன்று தங்கைகள். எந்தத் தங்கை கண்ணைக் கசக்கினாலும் கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

"நல்லாப் பண்ணினடி வடிவு" என்றாள் அம்சவேணி. "உம் பொண்ணு ஏரோப்ளேன்ல பறக்கறதுக்கு எங்க காச ரோட்டுல எறக்கி வுட்டுட்ட."

"நான் அப்படி நெனச்சு..."

"நீ இன்னாத்த நெனச்சியோ. திங்கக்கிழமை நான் அறுபத்திரண்டாயிரத்த மடியில கட்டிக்கினு போனா, செவ்வாக்கிழமை அது எங்க நாத்தனா கழுத்துல தொங்கும்."

பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் தனக்கு மட்டும்தான் கெட்டிருக்கும். உண்மையைச் சொன்னதில் நான்கு பேருக்குக் கெட்டது. இது எப்படி நியாயம் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. ராஜவேலுவிடம் கேட்டாள். "என்னிய ஏன் கேக்கற, நான் வாத்து மேய்க்கறவன்" என்றான். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னான். அந்த மட்டும் ஆறுதல்.

அந்தப் பத்து நாளில் எட்டாவது நாள் அறக்கட்டளை உதவித்தொகையை உறுதி செய்தது. அடுத்த மாதம் விசாவும் வந்தது. சுகாசினி பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

"எந்தப் பேப்பர பாத்து குடுத்தாங்கோ?"

"எல்லாம் சேத்துதான்மா."

"இல்ல, அதுல எது?"

"அம்மா!"

ஜெயப்ரியா போனில் வாழ்த்துச் சொல்லி, ஒரே ஒரு எச்சரிக்கையும் வைத்தார். சுகாசினி திரும்பி வரும்வரை அறக்கட்டளை குடும்பக் கணக்கை இடையிடையே பார்க்கும். சம்பளம் தவிர வேறு எந்தத் தொகை ஏறினாலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

சுகாசினி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அம்சவேணி வடிவின் வீட்டுக்கு வந்தாள். கடையில் வேலைக்கு வேண்டியதைத் தவிர அவள் ஒரு மாதமாகப் பேசியதில்லை. காப்பியைக் குடித்தாள். பெட்டிக்குள் இருந்த ஊறுகாய் பாட்டிலைப் பார்த்து, "இத அங்க உள்ள வுடுவானா?" என்று சுகாசினியைக் கேட்டாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வடிவின் முன் வைத்தாள்.

"ஒரு மாசமா அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கறேன். நேத்து அவரு பானையத் தூக்கினாரு, எனக்கு உசுரே போச்சு. இத உன் பேர்ல போட்டு வையி. நீ ஏமாத்த மாட்ட."

வடிவு முடிச்சைத் தொடவில்லை. "அம்சா, என் கணக்குல இப்ப ஒத்த ரூவா ஏறக் கூடாது. ஏறினா காரணம் சொல்லணும்."

"காரணம்தான் இருக்குதே. எங்க வீட்டுக்காரருக்கு மூணு தங்கச்சி, அதான் காரணம்."

"அத எந்த மேடத்துக்கு எழுதறது?"

பெட்டியருகே இருந்து சுகாசினி சொன்னாள். "அத்தை, உங்க பேர்லயே ஒரு அக்கவுன்ட் ஓபன் பண்ணிடலாம். போஸ்ட் ஆபீஸ்ல பத்து நிமிஷம்."

"மெசேஜ் வருமில்ல? போனு அவருதும்மா. டிங்குனு வந்துச்சுன்னா தெருவுக்கே படிச்சுக் காட்டுவாரு."



"என் போன் நம்பரக் குடுத்தா?" என்றாள் வடிவு மெதுவாக. "பேரு உன்னுது, காசு உன்னுது. சத்தம் மட்டும் என் போன்ல வரட்டும்."

அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள். "அது செல்லுமா?"

கணக்கும் பணமும் ஒருத்தியுடையது, போன் இன்னொருத்தியுடையது. இதில் எது உண்மை, எது மறைப்பு, யார் யாருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வடிவு மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். தெளியவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் இப்போது அவளுக்குத் தெரியும்.

"தெரியாது. காலைல ஒம்பது மணிக்கு ஜெயப்ரியா மேடத்தக் கேக்கறேன்" என்றாள். "அவங்க சொன்ன பொறவு ரெண்டு பேரும் சேந்தே போஸ்ட் ஆபீஸ் போலாம். மொதலாளிகிட்ட அரை நாள் சொல்லிக்கறேன்."

அம்சவேணி முடிச்சை எடுத்துத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். "கேக்கறப்ப எம் பேரச் சொல்லாத. ஊர்ல ஒருத்தின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாய் காப்பி இருக்கிறதா என்று கேட்டாள்.